பாடிப் போனவன் படம் எங்கே?

2025 அக்டோபரில் மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' வெளியானபோது தமிழ்நாடு முழுக்க ஒரு பெயர் மறுபடி பேசப்பட்டது. மணத்தி கணேசன். அவருடைய வாழ்க்கையின் தூண்டுதலில் உருவான படம் அது.

மணத்தி, தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம். பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, நெல்லை என்று நிதானமாக ஊர் சுற்றிவிட்டுக் கடலைப் பார்க்கப் போகிறதல்லவா, அந்தக் கடைசிப் பக்கத்துப் பிரதேசம். 1986 வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். அங்கே மண் தரையில் கபடி ஆடக் கிளம்பிய கணேசன், 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணி வரைக்கும் போனார். அர்ஜுனா விருதும் வாங்கினார். சாதாரண தூரமில்லை அது.

சரி. இப்போது ஒரு கேள்வி. சினிமாவில் கபடி பார்த்தோம். தூசி பறந்தது, தொடை தட்டினார்கள், நாமும் சீட் நுனிக்கு வந்தோம். ஆனால் தொண்ணூறுகளில் இந்த ஆற்றங்கரை ஊர்களில் ராத்திரி ராத்திரியாக நடந்த நிஜ ஆட்டங்களில் ஏதாவது ஒன்றின் புகைப்படம் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறதா? ரைடர் கோட்டைத் தாண்டிப் பாடிப் போவது, கேட்சர் கணுக்காலில் விழுவது, நாலு பேர் மேலே மலையாகச் சரிவது. இப்படி ஒரு படம்?

நம் பக்கத்துக் கபடிக்காரர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதெல்லாம் வேறு படம். முன் வரிசை மண்டி போட்டிருக்கும். பின் வரிசை கை கட்டியிருக்கும். நடுவில் கோப்பை. இரண்டு ஓரத்திலும் வேட்டி கட்டிய ஊர்ப் பெரியவர்கள். ஜெயித்தார்கள் என்பது தெரியும். எப்படி ஆடினார்கள் என்பது தெரியாது.

இதற்குப் புகைப்படக்காரரைத் திட்டிப் பிரயோசனமில்லை. பாவம், அவருடைய கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

ஆட்டம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். வெளிச்சம் என்பது சவுக்குக் கம்பில் கட்டிய டியூப் லைட்டும், கமிட்டிக்கு வசதி இருந்தால் நாலு ஃபோகஸ் லைட்டும். கேமராவில் இருப்பது 100 அல்லது 400 ஏ.எஸ்.ஏ. ஃபிலிம். ஓடுகிற மனிதனை உறைய வைத்து எடுக்க வேண்டுமானால் ஷட்டர் ஒரு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் உத்தமம். அந்த வெளிச்சத்தில் அந்த வேகம் வைத்தால் கழுவி வருகிற நெகட்டிவ்வில் ஒன்றும் இருக்காது. ஷட்டரைக் குறைத்தால் படம் விழும். ஆனால் ரைடரின் கை, வால் நட்சத்திரம் மாதிரி இழுத்துக்கொண்டு போகும்.

ஃபிளாஷ் போடலாமே? போடலாம். ஒரு முறை அடித்தால் மறுபடி சார்ஜ் ஏறச் சில விநாடி ஆகும். அதற்குள் பாடிப் போனவன் தொட்டுவிட்டு வந்தே விடுவான். போதாக்குறைக்கு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழு பேருக்கு நடுவில் நிற்கிறவன் முகத்தில் பளிச்சென்று அடித்தால், அடுத்த அடி நமக்கு.

இதற்கு மேல் காசு. ஒரு ரோலுக்கு 36 படம். ஃபிலிம், கழுவும் கூலி, பிரிண்ட் என்று எல்லாமே செலவுக் கணக்கு. வரவு? டவுனிலிருந்து ஸ்டூடியோக்காரரைக் கமிட்டி கூப்பிட்டதே பரிசளிப்புக்காகத்தான். பிரமுகர் கோப்பையைக் கொடுக்கும்போது ஒன்று, குரூப் போட்டோ ஒன்று, நன்கொடையாளருக்குப் பொன்னாடை போர்த்தும்போது ஒன்று. இதற்குத்தான் பணம் வரும். மங்கலாக விழக்கூடிய ஒரு ரைடுக்குத் தன் ஃபிலிமை யார் செலவழிப்பார்? பி.காம். படித்தவனாகச் சொல்கிறேன், அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரியான வியாபார முடிவு. ஆனால், அப்படிச் சரியான முடிவுகளாக எடுத்து எடுத்தே ஒரு பிரதேசத்தின் ஆட்ட வரலாறு கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

கிரிக்கெட்டில்கூட இப்படி நடந்ததுண்டு. 1983 ஜூன் 18. இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் ஜிம்பாப்வேக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டம். 17 ரன்னுக்கு 5 விக்கெட். கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175. இந்திய கிரிக்கெட்டின் போக்கையே மாற்றிய இன்னிங்ஸ் என்று இன்றைக்கும் சொல்கிறோம். அதற்கு வீடியோ கிடையாது. டிவி கேமரா அங்கே போகவே இல்லை. இருப்பதெல்லாம் சில ஸ்டில்கள்தான். 2021-ல் '83' இந்திப் படம் எடுத்தவர்கள் அந்த இன்னிங்ஸை முழுக்க நடித்தே காட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் கையில் நாலு ஸ்டில் இருந்தது பாருங்கள், அது பெரிய விஷயம். மணத்திப் பக்கத்து ராத்திரி ஆட்டங்களுக்கு அதுவும் இல்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். விளையாட்டுப் புகைப்படத்தின் பிறப்பிலேயே ஒரு பணக்காரனும் ஒரு புகைப்படக்காரனும் மோதிக்கொண்ட கதை இருக்கிறது.

லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட், கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னர். ரயில்வேயில் கொழுத்த பணம். பந்தயக் குதிரைப் பைத்தியம். குதிரை பாய்ந்து ஓடும்போது நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகிறதா, இல்லையா என்பது அந்தக் காலத்து விவாதம். எட்வர்ட் மைபிரிட்ஜ் என்கிற புகைப்படக்காரரைப் பிடித்தார். 1878 ஜூனில், பாலோ ஆல்டோ பண்ணையில் பந்தயப் பாதையின் ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தினார் மைபிரிட்ஜ். பாதைக்குக் குறுக்கே நூல் கட்டி, குதிரை அதை அறுத்துக்கொண்டு ஓட ஓட ஒவ்வொரு ஷட்டராக விழும்படி செய்தார். சாலி கார்ட்னர் என்ற குதிரை ஓடியது. நாலு காலும் எழும்புகிறது என்று நிரூபணமானது. அதுவும் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்த மாதிரி முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு அல்ல. நாலையும் வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டிருக்கும்போது.

உலகமே வியந்தது. அப்புறம் நடந்ததுதான் கதை. 1882-ல் ஸ்டான்ஃபோர்ட் செலவில் 'தி ஹார்ஸ் இன் மோஷன்' என்று புத்தகம் வந்தது. அட்டையில் ஸ்டான்ஃபோர்டின் நண்பர் டாக்டர் ஸ்டில்மன் பெயர். மைபிரிட்ஜ்? உள்ளே எங்கோ ஒரு தொழில்நுட்ப உதவியாளர் மாதிரி ஒரு குறிப்பு. லண்டன் ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரையை ஏற்பதாக இருந்தது. இந்தப் புத்தகம் வந்ததும், இவர் அடுத்தவர் வேலையைத் தன்னுடையது என்கிறாரோ என்று சந்தேகப்பட்டுப் பின்வாங்கிவிட்டது. எடுத்தவருக்கே திருட்டுப் பட்டம்! மைபிரிட்ஜ் வழக்குப் போட்டார். தோற்றார்.

வேறு யாராவது என்றால் கேமராவைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். இவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போய் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை குதிரை மட்டுமில்லை. ஓடுகிறவன், தாண்டுகிறவன், மல்யுத்தம் செய்கிறவன், குத்துச்சண்டைக்காரன், ஏன், கிரிக்கெட் மட்டை வீசுகிறவனையும் பந்து போடுகிறவனையும்கூட எடுத்தார். 1887-ல் 'அனிமல் லோகோமோஷன்' வெளிவந்தது. 781 பெரிய தாள்கள். சந்தாதாரர் 100 டாலர் கட்டினால் அதிலிருந்து தனக்குப் பிடித்த 100 தாள்களைத் தேர்ந்தெடுத்து வாங்கிக்கொள்ளலாம். இந்த முறை தலைப்பில் அவர் பெயர். குதிரைப் படம் யாருடையது என்று இன்று யாரும் சந்தேகப்படுவதில்லை. அதைச் சாதித்துக் கொடுத்தது நீதிமன்றம் இல்லை, அந்த 781 தாள் அடுக்கு.

இப்படிப்பட்ட அடுக்குக்குத்தான் இன்று போர்ட்ஃபோலியோ என்று பெயர். தாள்களைச் சுமக்கும் உறை என்கிற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. என் மாதிரி காமர்ஸ் கோஷ்டிக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் ஷேரும் டிபெஞ்சரும்தான் ஞாபகம் வரும். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. இரண்டிலுமே, வாங்கிய நாளில் எது உயரும் என்று யாருக்கும் தெரியாது.

உதாரணம் வேண்டுமா? 1965 மே 25. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து லூயிஸ்டன். முகமது அலி, சன்னி லிஸ்டன் மறு ஆட்டம். முதல் ரவுண்டிலேயே லிஸ்டன் மல்லாந்துவிட்டார். மேலே நின்று, முஷ்டியை மடக்கி, 'எழுந்திருடா' என்கிற தோரணையில் அலி கத்துகிற கலர்ப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். எடுத்தவர் நீல் லைஃபர். வயது 22. அந்தப் படத்தை அடுத்த முறை பார்க்கும்போது அலியின் கால்களுக்கு நடுவே பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலைப் புகைப்படக்காரர் தெரிவார். ஹெர்ப் ஷார்ஃப்மன். லைஃபர் வேலை பார்த்த அதே 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகைதான். லைஃபரைவிட அனுபவஸ்தர். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு.

கெட்டிக்காரத்தனத்தில் குறைவில்லை. நாற்காலி மாறிவிட்டது, அவ்வளவுதான். லைஃபருக்கும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. கலர் ஃபிலிமுக்காக மேலே தொங்கவிட்டிருந்த பெரிய ஃபிளாஷ்கள் ஒரு முறை அடித்தால் மறுபடி தயாராகச் சில விநாடிகள் பிடிக்கும். நம்மூர் ஸ்டூடியோக்காரரின் அதே கஷ்டம். அவர் சரியான விநாடிக்காகக் காத்திருந்தார். இத்தனைக்கும் அந்த வாரம் பத்திரிகையின் அட்டையில் அந்தப் படம் வரவில்லை. பெருமையெல்லாம் பல வருஷம் கழித்து வந்தது. அதுவரைக்கும் அது பத்திரமாக இருந்தது. அதுதான் முக்கியம்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். கிரிக்கெட் சரித்திரத்தில் டெஸ்ட் போட்டி 'டை' ஆனது இதுவரை இரண்டே முறை. முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேன். வெஸ்லி ஹால் வீசிய கடைசி ஓவரின் ஏழாவது பந்தில் (அங்கே அப்போது ஓவருக்கு எட்டுப் பந்து), ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து ஒற்றை ஸ்டம்ப்பைப் பார்த்து எறிந்து மெக்கிஃப்பை ரன் அவுட் ஆக்கினார். அந்த நொடியை எடுத்தவர் மெல்போர்னின் 'தி ஏஜ்' பத்திரிகையைச் சேர்ந்த ரான் லோவிட். அவர் கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பிளேட் என்று சொல்வார்கள். அதை அதுவரை தொடாமல் வைத்திருந்ததுதான் அவர் சாமர்த்தியம்.

இரண்டாவது நம் சேப்பாக்கம். 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை. டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 அடித்து ஆஸ்பத்திரிக்குப் போன அதே மேட்ச். இந்தியாவுக்கு இலக்கு 348. கவாஸ்கர் 90 எடுத்தார். கடைசி ஓவர் கிரெக் மாத்யூஸ். நாலு ரன் தேவை. சாஸ்திரி இரண்டு எடுத்தார், அப்புறம் ஒன்று. ஸ்கோர் சமம். எதிர்முனைக்கு வந்த மணிந்தர் சிங் ஒரு பந்தைச் சமாளித்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார்.

ஐந்து நாளாக மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த புகைப்படக்காரர்களில், அந்தக் கடைசி நொடியைப் படமாகப் பிடித்தவர் என்று பெயர் வாங்கியது ஒரே ஒருவர். மாலா முகர்ஜி. ஆமாம், பெண். எண்பதுகளில் கிரிக்கெட் மைதான ஓரத்தில் கேமராவோடு ஒரு பெண்ணைப் பார்ப்பதே அபூர்வம். 36 எண்ணிக்கை தீர்ந்துவிட்டால், ரோலைச் சுற்றி, பின்கதவைத் திறந்து, புதுசு மாட்டி முடிக்கக் கை பழகியவருக்கே அரை நிமிஷம் ஆகிற காலம் அது. மணிந்தர் அவுட்டாக அத்தனை நேரம் ஆகவில்லை. எத்தனையாவது படத்தில் நிற்கிறோம் என்று விரல் நுனியில் எண்ணிக்கொண்டே ஆட்டம் பார்ப்பதும் அந்தத் தொழிலில் ஒரு பாதி.

சென்னைக்கு இதில் ஒரு நல்ல பாரம்பரியம் உண்டு. 'இந்து' குழுமம் 1947-லிருந்து 1968 வரை 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' என்று வாரப் பத்திரிகை நடத்தியது. 1978-ல் 'ஸ்போர்ட்ஸ்டார்' வந்தது. அதன் நடுப்பக்கக் கலர்ப் படத்தைப் பின் பிடுங்கி எடுத்து ஒட்டாத சலூன், நெல்லை ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் எண்பதுகளில் இருந்திருக்க வாய்ப்பில்லை. கவாஸ்கர், போர்க், மரடோனா, ஸ்டெஃபி கிராஃப். சேவிங் முடிகிறவரைக்கும் அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தச் சுவரில் பக்கத்து ஊர்க் கபடிக்காரன் இருந்ததில்லை. இருக்கவும் வழியில்லை. படமே இல்லையே!

ஒரு தொழிலதிபர் மனசு வைத்தால் கேமராவும் வெளிச்சமும் எப்படி ஓர் ஊரைத் தேடி வரும் என்பதற்கு நெல்லையிலேயே சாட்சி இருக்கிறது. ஜங்ஷனிலிருந்து மதுரை ரோட்டில் போனால் தாழையூத்து. சுண்ணாம்புக்கல் பூமி. கல்லிடைக்குறிச்சி எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் சேர்ந்து தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை 1949-ல் அங்கேதான் ஓட ஆரம்பித்தது. ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்குச் சங்கர் நகர் என்று பெயர். ஆலையோடு கிரிக்கெட் மைதானமும் வந்தது. நாராயணசுவாமியின் மகன் என். சீனிவாசன் பிற்பாடு இந்திய கிரிக்கெட் வாரியத்துக்கே தலைவரானார். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது, சேப்பாக்கம், திண்டுக்கல் பக்கத்து நத்தம், அடுத்து சங்கர் நகர் என்று மூன்று மைதானங்களில் ஆட்டம் நடந்தது. (கம்பெனியே 2024 கடைசியில் அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. அது வேறு கதை.)

ராத்திரி ஆட்டம். டிவிக்காகப் போட்ட வெளிச்சம். எல்லைக் கோட்டுக்கு வெளியே 400 எம்.எம். லென்ஸை ஒற்றைக்கால் கம்பத்தில் நிறுத்திக்கொண்டு புகைப்படக்காரர்கள். கல்யாண வீடுகளில் ஓடி ஓடிப் படம் எடுக்கிற நெல்லைப் பையன்கள், இதுவும் ஒரு தொழில்தான் என்று தங்கள் ஊரிலேயே பார்க்கிற வாய்ப்பு அப்போது வந்தது. கபடிக்கும் 2014-ல் புரோ கபடி லீக் வந்து, ரப்பர் விரிப்பு, கண்ணைப் பறிக்கும் விளக்கு, முன்னும் பின்னும் கேமரா என்று ஆகிவிட்டது. 2017-ல் தமிழ் தலைவாஸ் சேர்ந்தார்கள். ஆகவே பிரபலமானவர்களுக்குப் படம் இல்லை என்ற பேச்சே இனி இல்லை. அவர்கள் பிரபலமாவதற்கு முன்னால்? அங்கேதான் இன்னமும் இருட்டு.

அந்த இருட்டில்தான் ஒரு புதுப் புகைப்படக்காரனுக்கு இடம் இருக்கிறது என்பது என் கட்சி.

பெரிய மேட்சுக்கு உள்ளே போக பாஸ் வேண்டும். பாஸ் கேட்டால், எந்தப் பத்திரிகை, கடிதம் எங்கே என்பார்கள். பத்திரிகையில் கேட்டால், இதுவரை என்ன எடுத்திருக்கிறாய், காட்டு என்பார்கள். முட்டையா கோழியா கதை. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் ஓடுகிற பெண்ணை எடுக்க, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அண்ணா ஸ்டேடியத்தில் நடக்கும் மாவட்டத் தடகளப் போட்டி, பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டே (இங்கே ஹெட்மாஸ்டரிடம் அனுமதி வாங்க வேண்டும், பிள்ளைகள் சமாச்சாரம்), பொங்கலுக்கு ஊர் ஊராக நடக்கும் கபடி, சிலம்பம். எடுத்துக்கொண்டே இருக்கலாம். கேமராவும் முன்னைப்போல் இல்லை. 2007-ல் நிக்கான் டி3 வந்தது. 6400 ஐ.எஸ்.ஓ. வைத்தாலும் படம் படமாகவே இருந்தது. ஸ்டூடியோ அண்ணாச்சியின் 400 ஃபிலிமோடு ஒப்பிட்டால் பதினாறு மடங்கு. இன்றைக்கு நடுத்தர விலைக் கேமராவே அதைச் செய்யும்.

ஒரு தொல்லை மட்டும் பாக்கி. நம் மின்சாரம் 50 சைக்கிள். சாதாரண டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் விநாடிக்கு நூறு தடவை கண் சிமிட்டும். நம் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டருக்குத் தெரியும். ஒரு படம் பளிச், அடுத்தது இருட்டு, அதற்கடுத்தது பாதி மஞ்சள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே போய் நாலு படம் எடுத்துப் பார்த்து, எந்தக் கம்பத்து விளக்கு யோக்கியமானது என்று கண்டுபிடித்து, அது முகத்தில் விழுகிற பக்கமாக உட்கார வேண்டும். ரைடரின் முகம் வேண்டுமென்றால் தற்காப்பு அணியின் முதுகுப்பக்கம். ஷார்ஃப்மனை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தேர்வு. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பத்தாயிரம் எடுத்தவர் ஐந்நூறைக் கொண்டுபோய்ப் பட ஆசிரியர் முன்னால் கொட்டுவார். அவர் டீ ஆறுவதற்குள் அடுத்த வேலைக்குப் போக வேண்டியவர். இருபது படம் போதும். இருபதும் கிரிக்கெட்டாக, இருபதும் கவர் டிரைவாக இருந்தால், இந்த ஆளுக்கு ஒரு லென்ஸும் ஓர் இடமும்தான் தெரியும் என்று முடிவு கட்டிவிடுவார். கபடி இருக்கட்டும். ஓட்டம் இருக்கட்டும். பந்தே இல்லாத படம் இரண்டு இருக்கட்டும். தோற்றவன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது, கணுக்காலில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்கும் மாற்று ஆட்டக்காரன், மைக் பிடித்து "ஏலே, கோட்டுக்கு வெளிய போங்கலே" என்று கூட்டத்தை அதட்டும் அண்ணாச்சி. டைட்டாக எடுத்த முகம் ஒன்று இருந்தால், பனைமரமும் கோபுரமும் திடலும் சேர்ந்து தெரிகிற அகலமான படம் ஒன்றும் வேண்டும். எந்த ஊர் என்று தெரிய வேண்டாமா?

இதைவிட முக்கியம், படத்துக்குக் கீழே எழுதுவது. யார், எந்த ஊர் அணி, எந்த நாள், எந்த ஆட்டம், அப்போது என்ன ஸ்கோர். இதை எழுதாத படம் பத்து வருஷத்தில் 'யாரோ கபடி ஆடுகிறார்கள்' ஆகிவிடும். இங்கிலாந்தின் பேட்ரிக் ஈகர் 300 டெஸ்ட்டுகளுக்கு மேல் எடுத்தவர். எல்லாவற்றையும் தேதி வாரியாக, ஆள் வாரியாக அடுக்கி வைத்திருந்தார். 'இந்த வருஷம், இந்த ஆள், இந்த ஷாட்' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். கடை நடத்தத் தெரிந்த கலைஞர்!

வைத்திருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு வெள்ளை நெகட்டிவ்வில் வெள்ளி உண்டு என்பதற்காக மூட்டை மூட்டையாக எடைக்குப் போட்டவர்கள் உண்டு. மிச்சத்தைப் பூஞ்சை தின்றது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. ஏரல், ஆத்தூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் ஆறு புகுந்தது. அரிசியும் டிவியும் போனதற்குக் கணக்கெடுத்தார்கள். ஆல்பத்துக்கு யார் கணக்கெடுப்பது? கோப்பையோடு எடுத்த அந்தக் குரூப் போட்டோவும் அன்றைக்குத்தான் பல வீடுகளில் சேற்றோடு போயிருக்கும். டிஜிட்டலுக்கும் இது பொருந்தும். ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருப்பதும் ஒரே பீரோவில் வைத்திருப்பதும் ஒன்றுதான். இரண்டாவது பிரதி வேறு ஊரில் இருக்கட்டும்.

கடைசியாக மைபிரிட்ஜ் பிரச்சினை. படம் யாருடையது?

எடுத்தவனுடையது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், 17-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒருவர் காசு கொடுத்து, எனக்காக எடு என்று கேட்டு எடுத்த புகைப்படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். அதாவது கபடிக் கமிட்டி உங்களுக்கு ராத்திரிக் கூலி கொடுத்து எடுக்கச் சொன்னால், அந்த ரைடரின் படம் கமிட்டியுடையது. நாளைக்கு அவன் இந்தியாவுக்கு ஆடினாலும் உங்களால் அதை விற்க முடியாது. பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்து எடுத்தால் இன்னொரு மாதிரி. பத்திரிகையில் அச்சிடுகிற உரிமை முதலாளிக்கு, மற்றவை எடுத்தவருக்கு. இங்கேயும் ஒப்பந்தம் வேறு மாதிரி சொன்னால் அதன்படிதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த மூன்றாவது பக்கத்தையும் படியுங்கள் என்று சொன்னால், காமர்ஸ்காரன் புத்தி என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பரிகாரம் சுலபம். கமிட்டித் தலைவரிடம் ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு வரி. 'பரிசளிப்புப் படங்கள் கமிட்டிக்கு. ஆட்டப் படங்களின் உரிமை எடுத்தவருக்கு.' கீழே கையெழுத்து, தேதி. பெரும்பாலும் தயங்காமல் போட்டுக் கொடுத்துவிடுவார். அவருக்கு வேண்டியது கோப்பையோடு குரூப் போட்டோதானே.

அப்படி ஒரு தாளை வாங்கி வைத்துக்கொண்டு, இந்தப் பொங்கலுக்கு ஏதோ ஒரு திடலில் பதினேழு வயசுப் பையன் பாடிப் போவதை எடுத்து, அது 2026-ல் அச்சில் வருகிறது என்று வையுங்கள். சட்டக் கணக்குப்படி, எடுத்தவரின் ஆயுள் முழுக்க, அதற்கு மேல் அவர் இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது வருஷம். உங்கள் ஆயுள் முழுக்க அந்தப் படம் உங்களுடையது.